பழைய கம்ப்யூட்டரில் பாயும் குண்டு!

தென்காசி மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குற்றாலம். அருவி, சாரல், குரங்கு!

அதே மாவட்டத்தில் திருவேங்கடம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே அருவி கிடையாது. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, சோளம். பெய்யாவிட்டால் தீப்பெட்டி வேலை. காசை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்களே அதிகம்.

அந்தப் பக்கத்து வீடுகளில் பரணிலோ பீரோ மேலோ பாருங்கள். பழைய துணிகளுக்கு நடுவே ஒரு பை இருக்கும். பைக்குள்ளே ஒரு மடிக்கணினி!

விலை கொடுத்து வாங்கியது அல்ல. அரசாங்கம் கொடுத்தது.

தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. அன்று அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் பிளஸ்-2 மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் லட்சக்கணக்கில் அதைப் பெற்றார்கள். வீட்டில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான் என்று சொல்லக்கூடிய கிராமங்கள் ஏராளம்.

அக்காள் அதை வைத்துப் படித்தாள். வேலைக்குப் போனாள். கல்யாணமாகிப் போய்விட்டாள். மடிக்கணினி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இப்போது அதன் மேல் கண் வைத்திருப்பவன் தம்பி!

"டப்பா" என்றான் பையன்

தம்பிக்கு வேண்டியது படிப்பு அல்ல. துப்பாக்கி விளையாட்டு!

திரையில் ஒரு துப்பாக்கி தெரியும். அதைப் பிடித்திருக்கும் கை நம்முடையது போலவே இருக்கும். சந்து பொந்துகளில் நுழைந்து போக வேண்டும். எதிரி வந்தால் சுட வேண்டும். நாம் சுடாவிட்டால் அவன் சுட்டுவிடுவான். ஊர் உலகத்தில் பையன்கள் இதற்காகச் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

புதிதாக வந்த ஒரு விளையாட்டை அந்தப் பழைய கணினியில் ஏற்றிப் பார்க்கிறான். படம் அசையவில்லை. அசைந்தாலும் மாட்டு வண்டி போல நகர்கிறது. எதிரி வருவது தெரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

"இது டப்பா கம்ப்யூட்டர். புதுசு வாங்கிக் கொடுங்க" என்கிறான்.

புதுசு என்றால் எவ்வளவு? இந்த விளையாட்டுகளுக்கென்றே விற்கும் கணினி அறுபதாயிரம், எழுபதாயிரம் ரூபாய்! கரிசல் காட்டில் அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் பாடுபட வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

பையன் சொல்வது சரிதானா? அது உண்மையிலேயே டப்பாதானா?

இல்லை! அந்தக் கணினி இந்த வகை விளையாட்டுகளின் பிதாமகனையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். எப்படி என்று கேளுங்கள்.

புள்ளிக் கோலக் கணக்கு

கம்ப்யூட்டர் திரை ஒரு புள்ளிக் கோலம். மார்கழி மாதம் வாசலில் அம்மா வைக்கிறாளே, அதே மாதிரி வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கொடுத்தால் படம் வந்துவிடும்.

அரசாங்க மடிக்கணினி போன்ற சாதாரணக் கணினியின் திரையில் குறுக்கே 1,366 புள்ளி, நெடுக்கே 768 புள்ளி. பெருக்கிப் பாருங்கள். பத்து லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம் புள்ளிகளுக்கு மேல் வருகிறது!

ஒரு தடவை கோலம் போட்டால் போதாது. விளையாட்டில் எல்லாம் ஓடுகிறதே! ஒரு வினாடிக்குள் 60 தடவை அழித்து அழித்துப் போட வேண்டும். அப்படியானால் வினாடிக்கு ஆறு கோடிப் புள்ளிக்கு மேல்.

விலை உயர்ந்த கணினியில் இந்த வேலைக்கென்றே தனி அட்டை இருக்கிறது. அதற்குச் சொந்தமாக நினைவகமும் உண்டு. சாதாரண மடிக்கணினியில் அது கிடையாது. படம் போடும் பகுதி, கணக்குப் போடும் பகுதியோடு ஒண்டுக் குடித்தனம் இருக்கிறது. இருக்கிற நினைவகத்தையே இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தொடக்க ஆண்டுகளில் கொடுத்த கணினிகளில் நினைவகம் பெரும்பாலும் 2 ஜிபிதான். புதிய விளையாட்டுகள் 8 ஜிபி, 16 ஜிபி கொண்டுவா என்று கேட்கின்றன. திணறாமல் என்ன செய்யும்?

குறை கணினியில் இல்லை. அதன் தலையில் ஏற்றிய சுமையில் இருக்கிறது.

டெக்சாஸ் வாலிபர்கள்

இனி 1993-ம் ஆண்டுக்குப் போவோம். இடம், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். "இட் சாப்ட்வேர்" என்று ஒரு சின்னக் கம்பெனி. அதில் இரண்டு ஜான்கள். ஜான் கார்மாக்குக்கு வயது 23. ஜான் ரொமேரோவுக்கு வயது 26.

அதற்கு முந்திய ஆண்டுதான் "உல்பன்ஸ்டைன்" என்ற விளையாட்டை அந்தக் கம்பெனி வெளியிட்டிருந்தது. ஹிட்லர் படையின் கோட்டைக்குள் அகப்பட்டவன் சுட்டுக்கொண்டே தப்பி வரும் கதை. அது சக்கைப்போடு போட்டது. அடுத்து அவர்கள் செய்ததுதான் "டூம்". செவ்வாய்க் கிரகத்தின் நிலவு ஒன்றில் அரக்கர்கள் புகுந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு சிப்பாய் அவர்களை எதிர்த்து நிற்கிறான். கதை அவ்வளவுதான். நம்ம ஊர் மாயாஜாலப் படத்துக்கு இருக்கும் கதைகூட இதற்குக் கிடையாது!

டிசம்பர் 10-ந் தேதி அதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதாக ஏற்பாடு. அங்கிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். காத்துக் கிடந்தவர்கள் கூட்டம் எவ்வளவு தெரியுமா? விளையாட்டைக் கொண்டுவந்து ஏற்ற வேண்டியவர்களே உள்ளே நுழைய முடியவில்லை! கதவை அகலப்படுத்தி ஏற்றினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

அந்த நாள் வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படிப்பட்டது? அதன் மூளைக்கு "386" என்று பெயர். நினைவகம் 4 எம்பி இருந்தால் டூம் ஓடும்.

4 எம்பி! பரணில் கிடக்கும் 2 ஜிபி கணினியில் அதைப்போல 512 மடங்கு நினைவகம் இருக்கிறது. இதைத்தான் தம்பி டப்பா என்கிறான்!

கட்-அவுட் அரக்கர்கள்

அத்தனை சின்ன யந்திரத்தில் அவ்வளவு வேகமான விளையாட்டை எப்படி ஓட்டினார்கள்? அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது.

முதல் வேலையாகப் புள்ளிகளைக் குறைத்தார்கள். குறுக்கே 320, நெடுக்கே 200. மொத்தம் 64,000 புள்ளிதான். வினாடிக்கு 35 படத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் கட்டினார்கள்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாததை வரைவதில்லை என்று முடிவு செய்தார்கள். நீங்கள் கூடத்தில் நிற்கிறீர்கள். அடுக்களைக்குள் இருக்கும் அம்மி உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. பிறகு அதை ஏன் வரைய வேண்டும்? எந்த இடத்தில் நின்றால் எந்தச் சுவர் முன்னே, எந்தச் சுவர் பின்னே என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கிளை கிளையாகப் பிரித்து வைத்தார்கள். ஆட்டம் நடக்கும்போது கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் பார்த்து, கிட்டத்தில் இருக்கும் சுவரிலிருந்து வரைந்துகொண்டே போகும். மறைந்து நிற்பதைத் தொடவே தொடாது. இந்த யோசனை விமானம் ஓட்டப் பழக்கும் யந்திரங்களுக்காக முன்பே பிறந்தது. அதை வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர் கார்மாக்.

அரக்கர்கள் சங்கதி இன்னும் வேடிக்கை. அவர்கள் உருண்டு திரண்ட உருவங்களே அல்ல. சினிமாக் கொட்டகை வாசலில் கதாநாயகனுக்கு கட்-அவுட் வைக்கிறார்களே, அதேபோலத் தட்டையான படங்கள்! சில அரக்கர்களைக் களிமண்ணால் பொம்மையாகச் செய்து, திருப்பித் திருப்பி எட்டுப் பக்கமும் படம் பிடித்தார்கள். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ அந்தப் பக்கத்துப் படத்தைக் கம்ப்யூட்டர் எடுத்து வைக்கும். துப்பாக்கிகளில் சில, பொம்மைக் கடையில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கிகள். அவற்றையும் போட்டோ எடுத்துத்தான் சேர்த்தார்கள்.

இவ்வளவு செய்தும் ஒன்று முடியவில்லை. ஓர் அறைக்கு மேலே இன்னோர் அறை வைக்க அந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. படி உண்டு, மேடு உண்டு, பள்ளம் உண்டு. மாடி வீடு மட்டும் டூம் ஊரில் கிடையாது! விளையாடிய கோடிக்கணக்கான பேரில் அதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

1997-ம் ஆண்டு டிசம்பரில் கார்மாக் இன்னொரு காரியம் செய்தார். டூம் விளையாட்டின் மூலநிரலை, அதாவது அது எப்படி எழுதப்பட்டது என்ற முழு விவரத்தையும், உலகத்துக்குத் திறந்து கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அதைக் காமிராவில் ஓட்டியவர்கள் உண்டு. கால்குலேட்டரில் ஓட்டியவர்கள் உண்டு. 2014-ல் காகிதம் அச்சடிக்கும் பிரிண்டரின் சின்னத் திரையிலேயே ஓட்டிக் காட்டினார்கள்!

பிரிண்டரில் ஓடியது, மடிக்கணினியில் ஓடாதா?

எதை ஏற்றலாம்?

டூம் விளையாட்டின் முதல் பாகத்தை அந்தக் கம்பெனியே அந்தக் காலத்தில் இலவசமாகக் கொடுத்தது. ஒன்பது களங்கள். மீதியை வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது வியாபாரத் தந்திரம்.

முழுக்க முழுக்க இலவசமாக வேண்டும் என்பவர்களுக்கு "பிரீடூம்" இருக்கிறது. மூலநிரல்தான் திறந்தாகிவிட்டதே! படம், சத்தம், களம் எல்லாவற்றையும் தொண்டர்கள் புதிதாகச் செய்து சேர்த்திருக்கிறார்கள். 2001-ம் ஆண்டு தொடங்கிய வேலை. இதை ஓட்ட ஒரு சிறிய இயக்கு நிரல் தனியாக வேண்டும். அதற்கும் காசு இல்லை. எது பொருந்தும் என்று பிரீடூம்காரர்களே தங்கள் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இக்கால மனிதர்கள், இக்காலத் துப்பாக்கி வேண்டுமென்றால் "அசால்ட் கியூப்". இதன் அளவு சுமார் 50 எம்பிதான். செல்போனில் நாலைந்து வீடியோ பார்க்கும் டேட்டாவுக்குள் வந்து இறங்கிவிடும். சண்டை போட ஆள் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே எதிரியாக வரும். முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

"ஓபன் அரீனா" என்று இன்னொன்று. "குவேக்-3" என்ற புகழ்பெற்ற விளையாட்டின் மூலநிரல் 2005-ல் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில் பிறந்தது. வேகம் அபாரம். ஆனால் அதில் வரும் சில பெண் பாத்திரங்களின் உடை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறபடி இல்லை. பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

மேலே சொன்ன மூன்றும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். இது முக்கியம். ஏனென்றால் தொடக்கத்தில் கொடுத்த அரசாங்கக் கணினிகளில் விண்டோசோடு "பாஸ்" என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பழைய விண்டோஸ்-7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அதை இணையத்தில் இணைப்பது கதவில்லாத வீட்டில் தூங்குவது மாதிரி. புதிய லினக்ஸ் ஒன்றை ஏற்றிக்கொள்வது மேல்.

"கவுண்டர் ஸ்டிரைக்" ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. 1999-ம் ஆண்டு, "ஹாப் லைப்" என்ற விளையாட்டை மாற்றி அமைத்து மின் லீ, ஜெஸ் கிளிப் என்ற இரண்டு வாலிபர்கள் செய்தது அது. மின் லீ அப்போது கனடாவில் கல்லூரி மாணவர். பிறகு "வால்வ்" கம்பெனி அதை வாங்கி 2000-ம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு 96 எம்பி நினைவகமே போதும். எந்தப் பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஆனால் அதை விற்கும் "ஸ்டீம்" கடை, 2024 ஜனவரி முதல் விண்டோஸ்-7க்கும் விண்டோஸ்-8க்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. சரக்கு பொருந்தும். கடைதான் திறக்காது!

நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு காலத்தில் பையன்களைக் கட்டிப்போட்ட "ஐ.ஜி.ஐ." இருக்கிறதே, அது 2000-ம் ஆண்டு நார்வே நாட்டில் தயாரானது. நடுவில் சேமித்து வைக்க வசதி இல்லாத விளையாட்டு. முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போய்க் கடைசி வாசலில் செத்தால் மறுபடி முதலிலிருந்து! முப்பது வயதைத் தாண்டிய அண்ணன்மார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது இலவசம் என்று இன்று இணையத்தில் கிடப்பவை பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள்.

நாயைக் கட்டிப் போடச் சொல்லும் திருடன்

பையன்கள் ஏமாறும் இடம் இதுதான். "எட்டாயிரம் ரூபாய் விளையாட்டு, முழுசும் இலவசம்" என்று பட்டன் மினுமினுக்கும். அமுக்கினால் ஏதோ ஒன்று இறங்கும். கூடவே ஓர் அறிவிப்பும் இருக்கும். "வைரஸ் தடுப்பு நிரலை நிறுத்திவிட்டு இதை ஏற்றவும்."

வீட்டுக்கு வருகிறவன், நாயைக் கட்டிப் போட்டுவிட்டு விளக்கையும் அணைத்து வை என்று சொன்னால் அவன் விருந்தாளியா?

அப்படி ஏறியது விளையாட்டாக ஓடினாலும் ஓடும். பின்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் திருடும். இல்லையென்றால் கணினியின் பலத்தை யாருக்கோ இரவும் பகலும் உறிஞ்சிக் கொடுக்கும். பரீட்சைக்கு வைத்திருந்த பாடக் குறிப்பு, அக்காள் கல்யாணப் படம், எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகமும் உண்டு.

செல்போன் விளையாட்டுகளின் சங்கதி வேறு. அங்கே ஏறுவது இலவசம். உள்ளே போனபின் வைரம் வாங்கு, சட்டை வாங்கு, துப்பாக்கிக்குப் பளபளப்பு வாங்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். "பப்ஜி"யை மத்திய அரசு 2020 செப்டம்பரிலும் "பிரீ பயர்" விளையாட்டை 2022 பிப்ரவரியிலும் தடை செய்தது. தகவல் பாதுகாப்பே அதற்குச் சொன்ன காரணம். ஆனால் தாய்மார் பலரும் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டது, அப்பாவின் வங்கிக் கணக்கை நினைத்துத்தான். டூம் காலத்து விளையாட்டுகளில் இந்த வம்பு இல்லை. கையை நீட்டிக் காசு கேட்க அவற்றுக்குத் தெரியாது.

அம்மா சொல்வதும் நியாயம்

"சுடுறதும் கொல்றதும் ஒரு விளையாட்டாலே?" என்று அம்மா கேட்பாள். கேட்க வேண்டியதுதான்.

அமெரிக்கத் தாய்மாரும் இதையே கேட்டார்கள். டூம் வெளிவந்ததற்கு முதல் நாள், 1993 டிசம்பர் 9-ந் தேதி, விளையாட்டுகளில் வரும் ரத்தத்தைப் பற்றி அமெரிக்க செனட் சபையில் விசாரணையே நடந்தது. அதன் விளைவாக 1994-ல் வயது முத்திரை குத்தும் ஏற்பாடு வந்தது. டூம் விளையாட்டுக்குக் கிடைத்த முத்திரை, 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்! ஆறாம் வகுப்புப் பையன் கையில் அதைக் கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கப் போவது சரியல்ல.

மடிக்கணினிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. செல்போனைப் போலப் போர்வைக்குள் ஒளிக்க முடியாது. கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மனிதர்களைச் சுடாத, ஆகாயக் கப்பலைச் சுடும் விளையாட்டுகளும் உண்டு. 1978-ல் ஜப்பானில் நிஷிகாடோ செய்த "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" அந்த வகையைச் சேர்ந்தது. மேலிருந்து இறங்கும் வேற்றுக்கிரகப் பூச்சிகளைக் கீழிருந்து சுட்டுக்கொண்டே இருக்கலாம். ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது.

கரிசல் தூசி

பரணிலிருந்து இறக்கியதும் விளையாட்டை ஏற்றிவிடக் கூடாது. முதலில் தூசி தட்ட வேண்டும். கரிசல் மண் தூசி மாவு மாதிரி இருக்கும். கணினியின் பக்கத்தில் காற்றுப் போகும் துவாரத்தை அது அடைத்துவிடும். உள்ளே சூடு ஏறினால், கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திணறுவதற்குப் பாதி வீடுகளில் காரணம் இதுதான். மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்யலாம். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஆடுவது கூடாது. பலகை மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும்.

பேட்டரி செத்திருக்கும். பரவாயில்லை. கம்பியைச் சொருகி வைத்தே ஆடலாம். மின்சாரம் போனால் ஆட்டமும் போகும். அவ்வளவுதான்.

விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் திரையின் புள்ளி அளவை மாற்ற இடம் இருக்கும். 1,366-க்கு 768 என்பதை 640-க்கு 480 என்று குறைத்துப் பாருங்கள். புள்ளிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். வேகம் பிய்த்துக்கொண்டு போகும்! நிழல், புகை, தண்ணீர்ப் பளபளப்பு இவற்றையும் நிறுத்திவிட வேண்டும். சுடுகிறவனுக்கு நிழல் எதற்கு?

இன்னொரு விஷயம். சில வீடுகளில் அக்காள் வாங்கியது ஒன்று, சில வருடம் கழித்து அண்ணன் வாங்கியது ஒன்று என்று இரண்டு அரசாங்கக் கணினிகள் இருக்கின்றன. நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு வலைக் கம்பி வாங்கி இரண்டையும் இணைத்துவிட்டால் இணையமே வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். அசால்ட் கியூப்பில் ஒரே களத்துக்குள் இரண்டு பேரும் இறங்கலாம். லீவுக்கு ஊருக்கு வரும் அக்காளுக்கு ஒரு கணினி, தம்பிக்கு ஒரு கணினி!

அக்காளைக் குறைத்து எடைபோட வேண்டாம் என்று மட்டும் தம்பிக்குச் சொல்லி வையுங்கள். அந்தக் கணினி ஐந்தாறு வருடம் அவள் கையில் இருந்தது.